சுப்பராயன் சாரின் சிவப்புக் கார்

சுங்குவார்சத்திரம்,
16-10-2011

அன்பு மகள் மோகனப்ரியாவுக்கு அம்மா எழுதுவது. காஞ்சி வரதர் கிருபையில் நானும் அப்பாவும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிர் தேசத்தில் சுகமாக இருக்கவேண்டுமென்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். நேற்று ஒரகடம் கூட்டுரோட்டில் நம் மெக்கானிக் கடை வாசலில் இருந்தவர்கள் அப்பா, நான், கார் சொந்தக்காரர் சுப்பராயன் சார், டீக்கடை இசக்கி, ஆக நான்கு பேர். கண்ணால் பார்த்ததைத்தான் எழுதுகிறேன், சந்தேகமென்றால் மற்ற மூவரையும் கேட்டுக்கொள்.

முட்டிவலியோடு கடை எதற்கு, மூடிவிட்டு ஏதாவது கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக உட்காரட்டும் என்று நீ போனில் சொன்னது அப்பாவுக்குத் தைத்துவிட்டது. இந்தக் கார் ஓடினால் கடை, இல்லாவிட்டால் தீபாவளியோடு மூடிவிடுகிறேன் என்று என்னிடம் சொல்லியிருந்தார். கார் என்றால் நீ இருக்கும் இங்கிலாந்தில் ஐம்பது வருஷத்துக்கு முன் செய்த எம்.ஜி., நல்ல சிவப்பு, கூரை கிடையாது, இரண்டே பேர் உட்காரலாம். தினமும் புதுக் கார்கள் லாரிமேல் ஏறிப்போவதைப் பார்த்துப் பழகிய எனக்கே அது உற்சவமூர்த்தி மாதிரி தெரிகிறது. சாவி போட்டால் பின்பக்கம் பெட்ரோல் பம்பு டக்டக்கென்று தட்டி, வேண்டியது கிடைத்ததும் தானே அடங்கும். நம் வண்டிகளில் பேட்டரியின் மைனஸைத்தான் பாடியில் கட்டுவார்களாம், இதில் பிளஸ்ஸைக் கட்டியிருக்கிறான். அதைக் கண்ட அன்று அப்பா சோற்றை மறந்து அதையே பேசிக்கொண்டிருந்தார்.

அப்பா சர்வீஸ் செய்து நன்றாக ஓடிய வண்டி, ஆயுதபூஜைக்கு டேங்க் நிரப்பி, படையல் போட்டு, எலுமிச்சை நசுக்கி எடுத்தபின் வல்லம் தாண்டுவதற்குள் நின்றுவிட்டது. சற்று விட்டால் கிளம்பும், மறுபடி நிற்கும். அப்பா இரண்டு கார்புரேட்டரையும் பிரித்தார், பிளக்கை மாற்றினார், பம்பைக் கழற்றி மாட்டினார், ஒன்றும் பலிக்கவில்லை. இசக்கிக்கோ வாய் சும்மா இருக்காது, "ஏ அண்ணாச்சி, இது காரா தேரா? ஆளு கூடித் தள்ளுனாத்தான நவுருது" என்பான். அப்பா "நீ டீயப் பாருடா, பொங்கிக்கினு கீது" என்பார், ஆனால் முகம் வாடிவிடும்.

நேற்று கடை வாசலுக்கு வந்ததும் மறுபடி நின்றது. பெட்ரோல் எவ்வளவு இருக்கிறதென்று பார்க்க, பூஜைக்குப் பிறகு முதல்தடவையாக அப்பா டேங்க் மூடியைத் திருகினார். உஸ்ஸென்று ஒரு சத்தம் கேட்டதே, அம்மாடி, குளத்தில் முங்கி எழுந்தவர் இழுக்கும் மூச்சு அது. உடனே சாவி போட்டார், பம்பு தட்டியது, வண்டி உறுமிக் கிளம்பியது. மூடியை என் கையில் கொடுத்து "இத்தப் பாரு பெருந்தேவி" என்றார். நடுவில் காய்ந்த சந்தனமும் குங்குமமும். சாப்பிடற வாய்க்குப் பொட்டு வைக்க வேண்டாமா என்று சார்தான் பூஜையன்று கட்டைவிரலால் அழுத்தி வைத்தது. நகத்தால் சுரண்டினேன், அடியில் ஊசிமுனை அளவு ஒரு துவாரம். பெட்ரோல் குறையக் குறைய அதன்வழியாகக் காற்று உள்ளே போகவேண்டுமாம், போகாவிட்டால் பம்பு இழுத்தாலும் வராதாம். "மூச்சு விட முடியாம கீது, நான் இன்னாடான்னா அதும் கொடலப் புடுங்கிக்கினு இருந்தேன்" என்றார் அப்பா. சார் தலையிலடித்துக்கொண்டு சிரித்தார், இசக்கி "பொட்டு வச்சே வண்டியக் கட்டிப்போட்டுட்டியளே சார்" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, உடம்பெல்லாம் புல்லரித்தது. அத்தனை இரும்பும் அந்த ஒரு துளையை நம்பி ஓடுகிறது. நம் உடம்புக்கு ஒன்பது வாசல் வைத்தவனைத் தினமும் கும்பிடுகிறேன், இப்படி ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

சார் சாவியைக் கொடுத்து, நீங்கள் இரண்டு பேரும் போய்வாருங்கள் என்றார். சிங்கப்பெருமாள் கோவில்வரை வண்டி எங்கும் நிற்கவில்லை. கோபுரத்தைப் பார்த்தபடி ஸ்டீயரிங்கை விடாமல் அப்பா "இன்னும் கத்துக்க எவ்ளோ கீது" என்றார், கண் கலங்கியிருந்தது.

ஈரத்தலையோடு படுக்காதே, வெள்ளிக்கிழமை விளக்கை மறக்காதே. இருவரும் நீண்ட ஆயுளோடு நிறைவாக இருக்கவேண்டும். கடையை மூடச் சொன்னாயே, இப்போதும் அதைத்தான் சொல்கிறாயா? அப்பா வாய்விட்டுக் கேட்கமாட்டார், தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலுக்கு வந்து நிற்பார். அவர் பெயருக்கே சீக்கிரம் பதில் போடு.

இப்படிக்கு, அம்மா
ஏ. பெருந்தேவி