விசையில் வைத்த பொட்டு

செப். 30, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. கடல் பாலத்தில் நனைந்துகொண்டே அக்கரை ஊரான பிறைக்கு வேலைக்கு. மோட்டார் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட வேண்டும், இன்றும் போடவில்லை.

நாளை ஆயுத பூஜை. வாங்க: பொரி, கடலை, சந்தனம், வாழைக்கன்று. பூசணி வேண்டாம். போன வருஷம் உடைத்ததில் பக்கத்து வீட்டு அக்கா வழுக்கி விழப் பார்த்தார்.

பாலிக் புலாவில் உள்ள எங்கள் தோட்டத்தில் மறுபடி காட்டுப்பன்றி. மரவள்ளி ஒரு வரிசை போச்சு. ஞாயிறு துப்பாக்கியோடு போக வேண்டும்.

லைசென்ஸ் எடுத்த அன்று போலீஸ் நிலையத்தில் கேட்டார்கள், வீட்டில் பிள்ளைகள் உண்டா என்று. என் பதில் தயார்: துப்பாக்கி இரும்புப் பெட்டியில், தோட்டா வேறு அறையில், இரண்டு சாவியும் என் அரைஞாண் கயிற்றில். குளிக்கும்போதுகூட. இந்த விஷயத்தில் என்னை எவனும் குறை சொல்ல முடியாது.

அக். 1, புதன்

நல்ல வெயில். வேலையிலிருந்து சீக்கிரம் வந்து எல்லாம் துடைத்தேன்.

சாமி மேடையில்: ஸ்பேனர் செட், மனைவி மாலாவின் தையல் கத்தரி, மகள் யாழினியின் முதலாம் ஆண்டுப் பள்ளிப் புத்தகங்கள், அவள் தம்பி கவின் கொண்டுவந்து நீட்டிய உடைந்த லாரி. நான்கு வயசுக்காரனின் ஆயுதம் அது! நடுவில் துப்பாக்கி, எங்கள் பேச்சில் செனாப்பாங். லைசென்ஸ் கிடைத்த பிறகு முதல் பூஜை.

மாலாவுக்குப் பிடிக்கவில்லை.

"பிள்ளைங்க இருக்கிற வீட்டுலங்க. பெட்டி மேல பொட்டு வச்சா போதாதா?"

"ஆயுத பூஜைக்கு ஆயுதத்தை வைக்காம வேற எதை வைக்கிறதாம்? காலி செனாப்பாங்லா. ரெண்டு தடவ பாத்துட்டேன்."

குழலில் சந்தனம், விசையில் குங்குமம். பூஜை முடிந்ததும் எடுத்துப் பூட்டச் சொன்னாள். வைத்ததை மறுநாள் காலை வரை அசைக்கக் கூடாது, எங்கள் வீட்டு வழக்கம். முணுமுணுத்துக்கொண்டே போனாள். பிள்ளைகளிடம் தொடக்கூடாது என்று சொன்னேன். யாழினி பெரிய மனுஷி மாதிரி தலையாட்டினாள்.

படம் எடுத்து என் தம்பிக்கு அனுப்பினேன். பார்க்கக் கம்பீரமாகத்தான் இருந்தது.

அக். 2, வியாழன்

நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன்.

காலை 6.40. நான் குளித்துக்கொண்டிருந்தேன். மாலா அடுப்படியில் நெத்திலி வறுவலில். யாழினி மேடையிலிருந்து புத்தகங்களை எடுத்துப் பையில் அடுக்கியிருந்தாள். நான் வரும்போது பிள்ளைகள் இருவரும் மேசையில், ரொட்டி தின்றபடி. கவினின் ஆள்காட்டி விரல் சிவப்பு. குங்குமம்.

மேடையைப் பார்த்தேன். விசையில் வைத்த பொட்டு இல்லை.

"யாரு தொட்டா?"

யாழினி பயப்படவே இல்லை. "தம்பிதான்ப்பா. டுமீல்னான். நான் செத்து விழுந்தேன். அப்புறம் எழுந்து புக் எடுத்துக்கிட்டேன்."

விழுந்த இடத்தையும் காட்டினாள். நீலப் பள்ளிச் சீருடையின் முதுகில் தூசி. தட்டிவிட்டேன்.

துப்பாக்கியைத் திறந்து பார்த்தேன். காலிதான். மூடினேன், மறுபடி திறந்தேன். காலி என்று எனக்குத் தெரியும். கவினுக்குத் தெரியாதே. என்றாவது தோட்டத்திலிருந்து களைத்து வந்து, ஒரே ஒரு தோட்டாவை எடுக்க மறந்திருந்தால்? மறக்க மாட்டேன் என்று நேற்றுவரை சத்தியம் செய்திருப்பேன். கற்பூரம் காட்டி, பிள்ளை கைக்கு எட்டும் உயரத்தில் வைத்தவன் நான்தான்.

மாலா அடுப்பை அணைத்துவிட்டு யாழினியை மடியில் இழுத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை.

அக். 3, வெள்ளி

வானம் மப்பு. மழை இல்லை. லீவு.

துப்பாக்கி, தோட்டா, லைசென்ஸ் எல்லாம் போலீஸ் நிலையத்தில் ஒப்படைத்தாயிற்று. இனிமேல் பன்றி வராதா என்று கேட்டார் அதிகாரி. பன்றி வரும், வீட்டில் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்றேன். அவர் எழுதிக்கொண்டார். வெளியே வந்ததும் மூச்சு சீரானது. முடிவு சரி, சந்தேகமே இல்லை.

தோட்டத்துக்குக் கம்பி வலை. ஜெலுத்தோங் இரும்புக் கடையில் சொல்லியாயிற்று. செயினுக்கு எண்ணெயும் போட்டாயிற்று.

சாயங்காலம் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னேன்.

"அப்பா செஞ்சது தப்பு. அதை அங்க வச்சிருக்கவே கூடாது. இனிமே யாரு வீட்டுல செனாப்பாங் பாத்தாலும் தொடாதீங்க. வெளிய ஓடி வந்து பெரியவங்கள கூப்பிடுங்க."

கவின் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். யாழினிதான் கேட்டாள்.

"காலியா இருந்தாலுமா?"

"காலின்னு யாரு சொன்னாலும்."

"நீங்க சொன்னாலுமாப்பா?"

"நான் சொன்னாலும்."