மூன்று ஸ்கோப்பும் ஒரு சாசரும்

டிசம்பர் 14, சனிக்கிழமை காலை

அன்புள்ள மார்னிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான், அப்பா, கிழட்டு நாய் மூவரும் சுகம், என் வலது புருவத்தைத் தவிர, அதைப் பிறகு சொல்கிறேன். நியூசிலாந்தில் உனக்கு இப்போது கோடை, ஆஸ்பத்திரி வேலை முடிந்ததும் தொப்பி இல்லாமல் கடற்கரையில் அலையாதே, உன் தோல் என் தோல், அரை மணியில் சிவந்துவிடும். இங்கே சோளம் அறுத்த வயல் முழுக்கப் பனி, தண்ணீர்க் குழாய் இரண்டு தடவை உறைந்துவிட்டது. இதையெல்லாம் போனில் சொல்லாமல் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது, போனில் என்றால் கத்திவிடுவேன். இன்னொரு காரணமும் இருக்கிறது, அது கடைசியில்.

ஆகஸ்டில் நீ போட்ட பந்தயம் மறந்திருக்காது. போன குளிர்காலத்தில், மான் வேட்டைக்கு மரத்தில் சாத்தி மேலே உட்காரும் ஏணியிலிருந்து விழுந்து ஒன்றரை மணி நேரம் பனியில் கிடந்தேன், தோள் எலும்பு உடைந்தது, இல்லை என்று சொல்லவில்லை. வசந்தத்தில் கண்ணில் புரை எடுத்தார்கள், அதுவும் சரி. அதற்காக "அறுபத்துமூணு வயசாச்சும்மா, மான் வேட்ட போதும்மா" என்று நீ சொன்னால் நான் விட்டுவிடுவேனா. இழுத்துப் பறித்துக் கடைசியில் நீயே சொன்னாய், "சரி, டிசம்பர்ல வேட்ட சீசன் தொடங்குறதுக்குள்ள, ஒரு நாள் காலையில எடுத்ததும் மொத மூணு குண்டும் நூறு கஜத்துல ஒரு சாசருக்குள்ள விழணும். மான் உனக்கு ஒத்திக குடுக்காது. முடியலன்னா துப்பாக்கிய கர்ட்டிஸ்கிட்ட குடுத்துடணும்." உன் சித்தப்பா மகனிடமா! குழல் வாயில் மருந்தைக் கொட்டி, குண்டை இடித்து இறக்கி, ஒரே ஒரு தடவை சுடுகிற துப்பாக்கி அது. ரொட்டி வாட்டும் வரை நிற்கக்கூட அவனுக்குப் பொறுமை கிடையாது. இருபத்தாறு வருஷமாக என் தோளில் இருக்கிற துப்பாக்கியை அவன் கையில் கொடுப்பதா! ஆனாலும் வீம்புக்கு ஒப்புக்கொண்டேன்.

புரை எடுத்த கண்ணுக்கு வயலுக்கு அப்பால் நிற்கும் மான் நன்றாகத் தெரிகிறது, துப்பாக்கி மேலேயே இருக்கிற குறிமுனைதான் பஞ்சு மாதிரி தெரிகிறது. அதனால்தான் துப்பாக்கி மேல் பூட்டிக் குறி பார்க்கும் தொலைநோக்கி, அந்த ஸ்கோப்பைத் தேடும் இந்தத் தலைவலி. முதலாவது அப்பாவின் பவுலிங் கூட்டாளி சும்மா கொடுத்தது, அணில் சுடும் துப்பாக்கியிலிருந்து கழற்றியது, கண்ணை ஒட்டி வைத்தால்தான் ஏதாவது தெரியும். அணில் துப்பாக்கி உதைக்காது, என்னுடையது கழுதை மாதிரி உதைக்கும். ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தில் இடித்து, பிறை வடிவில் வெட்டி, ஐந்து தையல். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் போதகரின் மனைவி என்னைத் தனியாகக் கூட்டிப்போய், "நடீன், வீட்ல எல்லாம் நல்லாத்தான இருக்கு?" என்று கேட்டு அப்பாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அந்த மனுஷர் ஒன்றும் புரியாமல் அவளுக்குக் கை ஆட்டினார்.

இரண்டாவதை நகரத்துப் பெரிய கடையில் வாங்கினேன். துப்பாக்கி என்னுடையது, கண் என்னுடையது, தையல் போட்ட புருவமும் என்னுடையது, கடைப்பையன் மட்டும் முழுக்க அப்பாவிடமே பேசினான். "சாருக்கு எத்தன மடங்கு வேணும்?" அப்பா காதைச் சொறிந்துகொண்டு, "நான் தூண்டில் போடுற ஆளு தம்பி, இவங்களக் கேளு" என்றார். அவன் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் அவரிடமே விளக்கினான். பன்னிரண்டு மடங்கு பெரிதாக்குமாம். என் காட்டில் எந்த மானும் அறுபது கஜத்துக்கு மேல் நின்றதில்லை, அவ்வளவு கிட்டத்தில் அதற்குள் பார்த்தால் வெறும் ரோமம்தான் தெரியும், அது மானா பக்கத்து வீட்டுக் கன்றா என்று யார் கண்டது. அதோடு காலையில் சுட்ட முதல் குண்டு ஒரு சாண் இடது பக்கம் போய்விட்டது. திருப்பிக் கொடுத்தேன். மூன்றாவதை நம் ஊர் எல்வின் கடையில் எடுத்தேன், இதைத்தான் முதலிலேயே எடுத்திருக்க வேண்டும். சின்னது, இரண்டு மடங்கிலிருந்து ஏழு வரை, கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நடுவே நாலு விரல் தாராளமாக இடம், பொழுது சாயும் வெளிச்சத்திலும் தெளிவு. ஆசையாகப் பூட்டிக்கொண்டு போய்ச் சுட்டால் அதிலும் முதல் குண்டு ஒரு சாண் தள்ளி! இரண்டாவதும் மூன்றாவதும் ஒட்டி ஒட்டி விழுந்தன, முதலாவது மட்டும் வெளியே. மறுநாளும் அப்படி. அதற்கு மறுநாளும் அப்படி. பதினோரு நாள் மார்னி. கண்தான் போய்விட்டது, நீ சொன்னதுதான் சரி என்று டிராக்டர் கொட்டகையில் உட்கார்ந்து அழுதேன். அழுதேன் என்று எழுதக்கூடக் கோபமாக வருகிறது.

இத்தனைக்கும் நடுவில் ஒரே ஒரு ஆறுதல், உன் அப்பா காலை ஐந்து மணிக்கே எழுந்து எனக்குக் காபி போட ஆரம்பித்திருந்தார். முப்பத்தொன்பது வருஷத்தில் அந்த அடுப்பு எந்தப் பக்கம் திருகினால் எரியும் என்றுகூட அவருக்குத் தெரியாது. காபி வாயில் வைக்க விளங்கவில்லை, ஆனாலும் என் வருத்தம் புரிந்துதான் செய்கிறார் என்று நெகிழ்ந்து போனேன்.

வியாழக்கிழமை சுடவே போகாமல், மூன்றாவது ஸ்கோப்பையும் திருப்பிக் கொடுக்கத் துப்பாக்கியோடு எல்வின் கடைக்குப் போனேன். அவன் ஸ்கோப்பைத் தொடவே இல்லை. "ஸ்கோப் கெட்டுருந்தா மூணும்ல கோணலா போகணும், மொதலு மட்டும் எப்படிப் போகும்? குழலக் காட்டு" என்று வாங்கி, கோலில் வெள்ளைத்துணி சுற்றி உள்ளே விட்டு இழுத்தான். துணி சொதசொதவென்று வந்தது. "என்ன நடீன், கேக் தட்டுக்கு வெண்ண தடவுற மாதிரி தடவி வச்சிருக்க? எண்ணெயில வழுக்கிட்டு மொத குண்டு எங்கயாச்சும்தான் போகும். அது எரிஞ்சு போனப்புறம்தான் மத்தது ஒழுங்கா போகும். சின்னப் பசங்களுக்கே இது தெரியுமே." எனக்கும் தெரியும்! சாயங்காலமே உலர்ந்த துணியால் துடைத்துத்தான் வைக்கிறேன், என் கையால் துடைக்கிறேன். அந்தத் துணியைக் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். எங்கள் வீட்டில் இருப்பது இரண்டு பேர், அதில் ஒருவர் ஐந்து மணிக்கு எழுந்து காபி போடுகிறவர்.

மதியச் சாப்பாட்டில் உருளைக்கிழங்கும் கொத்துக்கறியும் வைத்து, தட்டுக்குப் பக்கத்தில் அந்த எண்ணெய்த் துணியையும் வைத்தேன். அப்பா பார்த்தார், முள்கரண்டியைக் கீழே வைத்தார். "மார்னி போன்ல அழுதா நடீன். எப்படியாச்சும் அம்மாவ நிறுத்துப்பான்னு அழுதா. எண்ணெ மட்டும் என் யோசன, அதுக்கு அவளத் திட்டாத." ஏன் இப்படி என்று கேட்டேன். "அந்த ஏணிக்கடியில உன்னப் பாத்தது நான்தான? உன் ஒதடு நீலமா இருந்துச்சு. நீ பாக்கல, நான் பாத்தேன்" என்றார். எட்டு நாளைக்குத் திட்டத் தயாராக வைத்திருந்தேன், எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவர் தட்டில் இன்னொரு கரண்டி கறி வைத்தேன். இருந்தாலும் சொல்கிறேன், எனக்குக் கோபம் ஆறவில்லை, அவர் மேலும், உன் மேலும். என் கண் போய்விட்டது என்று பதினோரு நாள் என்னையே நம்ப வைத்தீர்கள். பயமாக இருக்கிறது என்று என் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் நான் கேட்காத ஜென்மமா? சரி, உடனே கேட்டிருக்க மாட்டேன், கொஞ்சம் கத்திவிட்டுக் கேட்டிருப்பேன்.

நேற்றுக் காலை அப்பாவையே உலர்ந்த துணியால் குழலைத் துடைக்க வைத்து, போய்ச் சுட்டேன். என் வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம், இத்துடன் இருக்கிற காகிதத்தைப் பார். சாசரை வைத்துக் கோடு போட்டது, மூன்று ஓட்டையும் உள்ளே, இரண்டு ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு. கீழே சாட்சிக் கையெழுத்து டுவெய்ன், உன் அப்பாதான். ஏணியைப் பிரித்துக் கொட்டகையில் போட்டுவிட்டோம், இனி தரையில் மறைந்து உட்காரும் பலகைக் கூண்டுதான். அதில் அவரும் என்னோடு உட்காருவாராம். சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டு அவர் உட்கார்ந்தால் இந்த மாவட்டத்தில் ஒரு மான் மிஞ்சாது, எல்லாம் ஓடிவிடும். வரட்டும், அவருக்கு அப்படித்தான் நிம்மதி என்றால் வரட்டும்.

இப்போது அந்த இன்னொரு காரணம். இந்தத் தபால் உனக்கு வந்து சேர இரண்டு வாரம் ஆகும், சீசன் நாளை மறுநாள் திங்கட்கிழமை தொடங்குகிறது, அதற்குள் நான் கூண்டில் பல நாள் உட்கார்ந்து எழுந்திருப்பேன், நீ தடுக்க வழியில்லை. முதுகுக்குப் பின்னால் காரியம் செய்வதை உன்னிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன். கடவுள் உன்னை நோய்நொடி இல்லாமல் வைக்கட்டும், உன் வீடும் கையும் நிறையட்டும். தொப்பியை மறக்காதே. இதைப் படித்த பிறகு ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது அப்பா எடுத்தால் என்னிடம் கொடுக்கச் சொல். அழுவதாக இருந்தால் என்னிடம் அழு.

கோபம் தீராத, உன்மேல் உயிரையே வைத்திருக்கும்,
அம்மா நடீன்

பி.கு.: குழலில் இப்போது அவருக்கு வேலை இல்லை. ஆனாலும் இன்று ஐந்து மணிக்கு எழுந்து காபி போட்டுவிட்டார். அதே கொடுமையான காபி. குடித்துவிட்டேன்.