ஒரே கூரைக்குள் சோற்று மணம்

அயனம்பாக்கம்,
தை மாதம், 1945

அன்புத் தம்பி உலகநாதனுக்கு அக்கா சொர்ணம் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அஸ்ஸாம் குளிருக்குக் கம்பளி போதுமா என்று கேட்டிருந்தேன். நீ அதற்குப் பதில் எழுதவில்லை.

நீ எழுதியது வேறு. லீவில் ஊர் வந்து திரும்பிய உன் பட்டாளத்து வேம்புலி, விளக்கு வைத்ததும் உன் வீட்டுப் பக்கம் சீரகச் சம்பா சோறு மணக்கிறது என்று சொன்னானாம். ஊரே ரேஷன் கோதுமையைக் கஞ்சி காய்ச்சும்போது உன் மனைவி வடிவுக்கு மட்டும் அந்த அரிசியை யார் தருகிறார்கள், அவளுக்குத் தெரியாமல் பார்த்து எழுது என்றாய். 'யார்' என்ற சொல்லுக்கு அடியில் கோடும் போட்டிருந்தாய்.

பார்த்தேன். அவள் பக்கத்துக்கும் என் பக்கத்துக்கும் ஒரே ஓட்டுக் கூரை, நடுவில் ஒரு சுவர்தான். அந்த மணம் எனக்கும் முன்பே வந்திருந்தது. கேட்க வாய் வராமல் இருந்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து சீக்கிரம் திரும்பி அவள் அடுப்பைப் பார்த்தேன். சாம்பல் ஆறிக் கிடந்தது. அப்படியானால் சோறாகவே வெளியிலிருந்து வருகிறதோ? பின்பக்கம் இலந்தைக் கொட்டைகள் குவியலாகக் கிடந்தன. வடிவுக்குப் பல் கூச்சம், இலந்தையைத் தொடமாட்டாள். அங்கே உட்கார்ந்து தின்றது யார்? நீ கோடு போட்ட சொல் என்னையும் தொற்றிக்கொண்டது. ஒரு கொட்டையை எடுத்து முகர்ந்துகூடப் பார்த்தேன்.

நேற்று ஓடு மாற்றத் தங்கவேல் வந்தான். முகட்டு ஓட்டை எடுத்தவன், "எம்மா, இன்னாமா இது! பூனையும் இல்ல, கீரியும் இல்ல, ரெண்டும் சேந்து ஒண்ணு கீது!" என்று கத்தினான். கறுப்புத் துணி கட்டியது போன்ற முகம், உடம்பளவு நீண்ட வால். மரநாய். ஒரே தாவலில் புளியமரத்துக்குப் போய்விட்டது. போன பிறகு இரண்டு பக்கமும் பந்திக்கு வடித்த சோறு மணந்தது.

கல்லூரியில் விலங்கியல் படித்ததெல்லாம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தான் போகும் வழியெல்லாம் வாலடியில் சுரக்கும் நெய்யைத் தேய்த்துவிட்டுப் போகுமாம்; அதற்குச் சோற்று வாசனை. பனையேறிக் கலயத்துக் கள்ளையும் குடிக்கும். பழத்தைத் தின்று, கொட்டையை முழுசாகக் கழித்துவிடும். நான் முகர்ந்தது எது என்று இப்போது உனக்குப் புரிந்திருக்கும். வீட்டில் சோப்புத் தீர்ந்துவிட்டது.

சத்தம் கேட்டு ஓடிவந்த வடிவு சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அட போங்கண்ணி! நீங்கதான் கதவ சாத்திகினு சம்பா பொங்கித் துன்றீங்கன்னு இத்தினி நாளா நெனச்சிகினு கீறேன்! பசங்களோட கத்திட்டு வர்றாங்க, துன்னட்டும்னு உட்டுட்டேன்."

சிரித்துச் சிரித்து அவள் கண்ணில் நீர் வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதை உனக்கு எழுதினாளா என்று கேட்டேன். "குண்டு வுழுற எடத்துல கீறவருக்கு இது வேறயா, அண்ணி?" என்றாள்.

தம்பி, உன் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். நீ என்ன கேட்டாய் என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் இரண்டு மாதமாக அவள் பெயருக்கு ஒரு வரிகூட வரவில்லை என்பது தெரியும். தபால்காரர் வரும் நேரத்தில் வாசலில் ஏதாவது வேலை வைத்துக்கொள்கிறாள்.

ஓடு போட்டாகிவிட்டது. ஆனாலும் விளக்கு வைத்ததும் நாங்கள் இருவரும் ஒருமுறை மூச்சை இழுத்துப் பார்க்கிறோம்.

அம்மன் உன்னைப் பத்திரமாக எங்களிடம் சேர்க்கட்டும். அடுத்த கவரின் மேல் அவள் பெயரை எழுது.

உன் நலம் வேண்டும் அக்கா,
சொர்ணம்