அவசரக் கயிறு

மச்சான்,

ரப்பர் மணத்தில்தான் நீ வந்தாய். போன சனிக்கிழமை நெடுந்தீவுக்குத் தெற்கே, வள்ளத்தின் விளிம்பில் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு இருந்தேன். மூச்சுக்குழாயை வாயில் கவ்வியதும் அந்த மணம் மூக்கில் ஏறியது. ரப்பரும் உப்பும். நீ கடலில் இருந்து ஏறிக் குழாயைத் துப்பிவிட்டு என்னிடம் பீடி கேட்கும்போது உன் வாயில் அடிக்கும் அதே மணம்.

“என்ன அண்ணை, பயமோ?” என்று கேட்டாள் சுழியோடப் பழக்க வந்த பிள்ளை.

“பயமோ? நான் ஊர்காவற்றுறையான் பிள்ளை” என்றேன். வாய்க்கு என்ன, அது எப்போதும் பெரிய வாய்தானே.

நீ கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பாய். நீ கடலட்டை பிடிக்க அடியில் போக, மேலே இருந்து பத்து வருசம் உனக்கு வள்ளம் ஓட்டினவன் நான். ஒருநாளும் சிலிண்டரோடு இறங்கினதில்லை. அப்படிப்பட்டவன் நாற்பத்திரண்டு வயதில் சுழியோடிச் சான்றிதழ் எடுக்கிறான். ஆசைப்பட்டுப் போகவில்லை. இப்போது நெடுந்தீவில் ஒரு விடுதிக்குப் படகு ஓட்டுகிறேன். வெளிநாட்டுச் சனத்தைக் கடலுக்கடியில் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டப் போகிறார்களாம், படகோட்டியும் முறையாகப் பழகியிருக்க வேண்டும் என்று முதலாளி பிடிவாதமாக நின்றார். திருகோணமலையில் இருந்து நிரோஜா என்ற பிள்ளையைக் கூப்பிட்டிருந்தார். இரண்டு நாளில் நாலு தரம் இறங்கி ஏற வேண்டும். கடலில் பிறந்தவனுக்கு மூச்சு விடப் பழக்க வந்திருக்கிறாள் என்று மனதுக்குள் நையாண்டி பண்ணிக்கொண்டுதான் போனேன்.

முதல் தரம் கண்ணாடிக்குள் தண்ணீரை விட்டு மூக்கால் ஊதி வெளியேற்றச் சொன்னாள். பாதிக் கடலைக் குடித்தேன். இரண்டாம் தரம், காற்று முடிந்தவன் மாதிரி நடித்து அவளிடம் இருந்த மற்றக் குழாயை வாங்கி மூச்சு விட்டேன். அதெல்லாம் பழகிவிடலாம் மச்சான். பழக ஏலாதது அன்று பின்னேரம் விடுதி விறாந்தையில் அவள் சொன்னது.

“ஆழத்தில நிக்க நிக்க, நாங்கள் இழுக்கிற காத்து உடம்புக்குள்ள ஊறும் அண்ணை. சோடாப் போத்தலை நினைச்சுப் பாருங்கோ. மூடியை மெல்லத் திறந்தா ஒண்டுமில்லை. படாரெண்டு திறந்தா நுரைச்சுக்கொண்டு வரும். அந்த நுரை முள்ளந்தண்டில போய் அடைச்சா, கால் வழங்காமப் போயிடும்.”

அதனால் நாம் விடும் சின்னக் குமிழியை முந்தி ஏறக் கூடாதாம். மேலே வர முதல் ஐந்து மீற்றரில் மூன்று நிமிசம் நின்றுதான் வர வேண்டுமாம்.

“மேல இருக்கிறவன் அவசரமா இழுத்தா?” என்று கேட்டேன்.

“ஏன் இழுக்கிறான்?” என்றாள்.

தேத்தண்ணி நல்லாயிருக்கு என்று பேச்சை மாற்றினேன்.

ஏன் இழுத்தேன் என்று உனக்குத்தான் எழுத வேண்டும். அன்று நமது கோயில் பெருநாள் உதைபந்தாட்டக் கப்பின் கடைசி மச், நாலு மணிக்கு. நான் முன்னுக்கு விளையாடுகிறவன். நீ நாலாவது சிலிண்டரோடு அடியில் நின்றாய். உன் இடுப்பில் இருந்த கயிற்றை மூன்று தரம் இழுத்தால் மெல்ல, ஆறுதலாக வா என்று கருத்து, விடாமல் உதறினால் ஆபத்து, உடனே வா. அது நாம் பேசி வைத்த ஒழுங்கு. மூன்று தரம் இழுத்தேன், நீ வரவில்லை. நல்ல அட்டை கிடந்திருக்கும். திரும்பவும் மூன்று தரம். மணி இரண்டரை தாண்டிவிட்டது. எனக்கு விசர் வந்தது. கயிற்றைப் பிடித்து உதறினேன் மச்சான், விடாமல் உதறினேன்.

ஒரே வீச்சில் மேலே வந்தாய். “என்னடா?” என்றாய். மச் என்று சொல்ல வெட்கமாய் இருந்தது.

“நேவி போட் வந்தது. உன்ர பெர்மிற் முடிஞ்செல்லோ கிடக்கு. இப்பதான் அங்கால திரும்பிப் போறாங்கள்” என்றேன்.

நீ கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். “சரி, எஞ்சினை இழு” என்றாய்.

கரைக்கு வரும்போதே தோள் உளையுது என்றாய். பாரம் தூக்கினது என்றேன். மைதானத்தில் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றாய். முதல் பாதியில் நான் கோல் அடித்ததும் கையைத் தூக்கிக்கொண்டு துள்ளினாய். இறங்கியபோது கால் நிற்கவில்லை, விழுந்துவிட்டாய். சந்தோசத்தில் விழுந்தாய் என்று எல்லோரும் சிரித்தார்கள். ஐயோ, நானும் சிரித்தேன்.

பிறகு ஆஸ்பத்திரி, அங்கிருந்து தூரத்தில் வேறு ஆஸ்பத்திரி, பிறகு வீட்டுக் கட்டில். கால் திரும்பவில்லை. பார்க்க வந்த சனத்துக்கெல்லாம் ஒரே கதைதான் சொன்னாய்: “இவன் இழுக்காட்டி அண்டைக்கு வள்ளமும் போய் நானும் மறியலில கம்பி எண்ணியிருப்பன். காப்பாத்தினவன் இவன்தான்.” உன் மனிசி மெற்றில்டா அதைக் கேட்டு எனக்கு ஒரு துண்டு மீன் கூடப் போடுவாள். நான் குனிந்து சாப்பிடுவேன். நீ நம்பிவிட்டாய் என்று நினைத்தேன். நம்பினபடியே கண்ணை மூடிவிட்டாய் என்பதுதான் இவ்வளவு காலமும் எனக்கு இருந்த ஒரே ஆறுதல்.

ஞாயிற்றுக்கிழமை நாலாவது தரம் இறங்கினோம். பன்னிரண்டு மீற்றர், அடியில் மணல். திடீரென்று காதுக்குள் எஞ்சின் சத்தம். எந்தப் பக்கம் என்று தெரியவில்லை, நாலா பக்கத்தாலும் கேட்டது. தலைக்கு மேலே வந்துவிட்டது என்று பதறிக் குனிந்தேன். நிரோஜா ஒன்றுமில்லை என்று கை காட்டினாள். அண்ணாந்து பார்த்தேன். எங்கள் வள்ளத்தின் அடி மட்டும் தெரிந்தது. அந்தச் சத்தம் எங்கேயோ தூரத்தில், குறிகட்டுவானில் இருந்து வரும் பயணிகள் படகினுடையது.

பிறகு ஏறத் தொடங்கி, ஐந்து மீற்றரில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அங்கேதான் எனக்கு உறைத்தது. பத்து வருசம் அடியில் இருந்தவன் நீ. தூரத்தில் எந்த வள்ளம் போனாலும் எனக்கு முன்னமே உனக்குக் கேட்டிருக்கும். அன்று உனக்கு ஒரு எஞ்சினும் கேட்கவில்லை. மேலே வந்து கடலைப் பார்த்தபோதே உனக்குத் தெரியும்.

கத்த வேண்டும் போல இருந்தது, வாயில் ரப்பர். ஓட வேண்டும் போல இருந்தது, மூன்று நிமிசம் அசையக் கூடாது. நான் பேய் பிசாசு நம்புகிறவன் இல்லை மச்சான். ஆனால் என் இடுப்பில் யாரோ விடாமல் உதறி இழுத்தார்கள். தடவிப் பார்த்தேன். இடுப்பில் கயிறே இல்லை.

மேலே வந்ததும் “பாஸ் அண்ணை!” என்று நிரோஜா கை தட்டினாள். போட்டோவுக்குச் சிரித்தேன்.

திங்கட்கிழமை படகேறி, பஸ் மாறி, உன் வீட்டுக்குப் போனேன். மெற்றில்டா கதிரை போட்டு, தேத்தண்ணி தந்தாள். குடிக்க முதலே எல்லாவற்றையும் சொன்னேன்.

“அப்ப நேவி வரேல்லையோ?”

“இல்லை.”

“மச்சுக்கோ இழுத்தனீங்கள்?”

“ஓம்.”

“அவருக்குத் தெரியுமோ?”

“தெரிஞ்சிருக்கு. எனக்கே நேற்றுத்தான் விளங்கினது.”

கோப்பையைத் திரும்ப எடுத்தாள். “அப்ப என்னட்டையும் பொய்தான் சொல்லிப்போட்டுப் போயிருக்கிறார்” என்றாள். என் பாவத்தை இறக்கி வைக்கப் போனவன், உன்னையும் அவளிடமிருந்து பறித்துவிட்டேன் என்று அப்போதுதான் தெரிந்தது. மன்னித்துக்கொள்.

பிறகு படலையைத் திறந்து பிடித்தபடி, “போங்கோ” என்றாள்.

நமது ஊரில் வீட்டுக்கு வந்தவனை அப்படி அனுப்புவதில்லை. பகையாளி என்றாலும் ‘போயிட்டு வாங்கோ’ என்றுதான் சொல்லுவார்கள். அவள் வரச் சொல்லவில்லை. றோட்டில் இறங்கி நடக்கும்போது முதலில் வலித்தது. பிறகு, இத்தனை வருசத்தில் முதல் தரமாக, என்னிடம் யாரோ உண்மை பேசியது போல இருந்தது.

அந்தச் சொல்லை நீ சொல்லியிருக்க வேண்டும் மச்சான். பதினொரு மாசம் உன் கால்மாட்டில் வந்து இருந்தேன். ஒருநாளாவது என்னைப் போடா என்று சொல்லியிருக்கலாம்.