சிவப்புத் தடிக்கு இந்தப் பக்கம்

வசாவிளான்,
வியாழன் பின்னேரம்.

அன்புள்ள மகன் கோகுலனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மருமகளும் குஞ்சுகள் இரண்டும் அந்தக் குளிருக்குள் காய்ச்சல் தடிமன் ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று வைரவரை நேர்ந்துகொண்டு தொடங்குகிறேன். இங்கே அப்பா உயிரோடு இருக்கிறார், கை கால் எல்லாம் அப்படியே இருக்கின்றன. அதை முதலில் சொல்லிவிட்டேன், இனிப் பதறாமல் வாசி. நான்தான் பயந்துபோய் இருக்கிறேன், எழுத்துக் கோணலாக இருந்தால் அதுதான் காரணம். போனில் சொல்லலாம்தான், ஆனால் இந்தத் தகரக் கொட்டிலுக்குள் நான் மூச்சு விட்டாலும் அப்பாவுக்குக் கேட்கும். உன்னோடு படித்த கொலின்ஸ் லீவில் வந்து நிற்கிறான், சனிக்கிழமை கனடா திரும்புகிறானாம், அவனிடம் கொடுத்துவிடுகிறேன்.

எங்கள் காணியில் பாதியில்தான் கண்ணிவெடி எடுத்துத் தந்திருக்கிறார்கள் என்று உனக்குத் தெரியும். மற்றப் பாதியின் ஓரத்தில், தலைப்பில் சிவப்பு மை பூசின தடிகளை வரிசையாக நட்டிருக்கிறார்கள். தடிக்கு இந்தப் பக்கம் நடக்கலாம், அந்தப் பக்கம் கால் வைக்கக் கூடாது. வெடி எடுக்கிற வேலை செய்வது முழுக்கப் பெண்பிள்ளைகள். அவர்களுக்குப் பொறுப்பானவள் குருநகர்ப் பிள்ளை, லவீனா என்று பெயர், பள்ளிக்கூடம் போகும் ஒரு மகள் இருக்கிறாள். அவர்கள் சிவப்பு என்று சொல்வதில்லை, எல்லாம் ரெட்தான். ரெட்டுக்கு அங்காலை போகாதேங்கோ அம்மா, கோழியையும் விடாதேங்கோ என்று வந்த அன்றைக்கே சொன்னாள். நீ முதலாம் வகுப்பில் அந்தச் சொல்லைப் படித்துவிட்டு வந்து என் பொட்டு, வெங்காயக் கடகம், கோயில் மதில் எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டு ரெட் ரெட் என்று ஓடித் திரிந்தாய், அப்போது அது எங்களுக்குச் சிரிப்பு. உன் அப்பாவுக்கு இப்போதும் அது சிரிப்புத்தான். ரேடியோவில் மழைக்கு ரெட் அலேர்ட் என்றார்கள், நாலு துளி விழுந்தது. கரன்ட் காசு கட்டப் பிந்தினதுக்கு ரெட் நோட்டீஸ் வந்தது, ஒருவரும் வந்து வெட்டவில்லை. கிளினிக் கொப்பியில் பிறஷருக்குச் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டுக் கொடுத்தார்கள், அதைத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டு நெத்தலிக் கருவாடு பொரிக்கச் சொல்கிறார். உவங்கள் எல்லாத்துக்கும் ரெட் எண்டுவாங்கள், உதுக்குப் பயந்தால் உலை வைக்கேலாது என்பார். எங்கடை மண்ணே சிவப்பு, இதிலை நீங்கள் என்ன புதுசாய்ச் சிவப்புக் காட்டுறியள் என்று லவீனாவிடமே கேட்ட மனிசன்.

வேலி என்றால் அவருக்குக் கை சும்மா இராது என்று நீ அறிவாய். பண்டத்தரிப்பில் சித்தியின் வளவில் இடம்பெயர்ந்து இருந்த காலத்திலும், வருஷா வருஷம் வேலி அடைக்கும்போது கதியால் தடியை ஒரு சாண் பக்கத்து வளவுக்குள் அரக்கி நட்டுவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி நிற்பார். எங்கள் ஆட்களுக்கே பிடித்த வியாதி இது. பொங்கலுக்கு அந்தப் பிள்ளைகள் லீவில் போன நேரம், அதே கையால் சிவப்புத் தடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, இரண்டு பாத்தி அகலம் அந்தப் பக்கம் தள்ளி நட்டுவிட்டார். அங்கே நின்ற வேப்பமரமும் இந்தப் பக்கம் வந்துவிட்டது. தேத்தண்ணி கொண்டுபோன நான் கண்டேன். ஐயோ என்னப்பா செய்யிறியள் என்று கத்தினேன். பெட்டையள் பயத்திலை கூட்டித்தான் நட்டு வைச்சிருக்குதுகள், ரெண்டு பாத்தி வெங்காயம் வைக்கலாம், நீ வாயைப் பொத்திக்கொண்டிரு என்றார். பொத்திக்கொண்டிருந்தேன், மகன். தடியில் கை வைத்தால் பொலிஸ் கேஸ் என்று ஊர்க் கூட்டத்தில் சொல்லியிருந்தார்கள், இந்த வயதில் இவரைக் கொண்டுபோய் அடைத்துவிடுவார்கள் என்று பயந்தேன்.

திங்கட்கிழமை லவீனா ஆட்கள் திரும்பி வந்தார்கள். வேலை மற்ற மூலையில், சாப்பாட்டுக்கு மட்டும் வேப்பமர நிழலுக்கு வந்தார்கள். தடிக்கு இந்தப் பக்கம்தானே என்ற நம்பிக்கையில் தலைக்கவசத்தைக் கழற்றி வைத்து, காலை நீட்டி இருந்து புட்டும் சம்பலும் சாப்பிட்டார்கள். பிள்ளையள், இஞ்சை கொட்டிலுக்கை வந்து இருங்கோ என்று கூப்பிட்டேன். வேப்பங்காத்து மாதிரி வருமே அம்மா என்று லவீனா சிரித்தாள். செவ்வாயும் அங்கேதான், புதனும் அங்கேதான். மூன்று நாளும் அவர்கள் எழும்பிப் போகும்வரை நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன், ஆனால் வாய் திறக்கவில்லை. நேற்றுப் பின்னேரம்தான் தாங்க முடியாமல், நாளைக்கு நான் லவீனாவுக்குச் சொல்லப்போறன் என்று அப்பாவிடம் சொன்னேன். பாயை விரித்துப் படுத்துவிட்டார்.

இன்று விடிய எழும்பினால் பாயில் ஆள் இல்லை, மூலையில் குழி தோண்டுகிற அலவாங்கும் இல்லை. வெளியே ஓடினேன். தடிகளைப் பழைய இடத்தில் நடுவதற்காக எல்லாவற்றையும் பிடுங்கிக் கமக்கட்டுக்குள் இடுக்கி வைத்திருக்கிறார். பழைய துவாரங்களைப் போன கிழமை மழை மூடிவிட்டது. வரி எங்கே என்று தேடித் தேடி உள்ளுக்குப் போய்விட்டார். ஒரு தடியும் இல்லை, எங்கே பார்த்தாலும் ஒரே செம்மண், நடுவில் இந்த மனிசன் அசையாமல் நிற்கிறார். வாங்கோ என்று கத்தினேன். காலுக்குக் கிட்டை என்னமோ வட்டமாய்த் தெரியுது குணம் என்றார். கலியாணம் கட்டி நாற்பத்தொரு வருஷம், அந்தக் குரலை நான் கேட்டதேயில்லை. லவீனாவுக்குப் போன் எடுத்தேன். நிண்ட இடத்திலையே நிற்கச் சொல்லுங்கோ, நீங்களும் ஒரு அடி வைக்கப்படாது என்று கத்தினாள். வந்து இறங்கினவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நான் நின்ற இடத்தில் தொடங்கி, முழங்காலில் ஊர்ந்து, சாண் சாணாக மண்ணைச் சோதித்துச் சோதித்துப் போனாள். இரண்டரை மணித்தியாலம். அப்பா மயங்கி விழாமல் இருக்க அவள் கதை கொடுத்துக்கொண்டே போனாள், ஐயா வெங்காயம் இப்ப என்ன விலை, ஐயாவின்ரை மகன் எங்கை இருக்கிறார் என்று. உன் பெயரைச் சொல்லும்போது அவருக்குக் குரல் உடைந்துபோனது. கையைப் பிடித்துத் தான் வந்த தடத்திலேயே கூட்டிக்கொண்டு வந்தாள். அந்த வட்டச் சாமான் வெடிதான், அவருடைய இடது குதிக்கு ஒரு சாண் தள்ளிக் கிடந்ததாம்.

வெளியே வந்ததும் அப்பா நிலத்தில் இருந்துவிட்டார். பொங்கலுக்கே நான்தான் தடியை அரக்கினனான் பிள்ளை, இவளுக்கு ஒண்டும் தெரியாது என்றார். லவீனாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. வேப்பமரத்தைத் திரும்பிப் பார்த்தாள், தன்னோடு வந்து நின்ற மற்றப் பிள்ளைகளைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்து, உங்களுக்குத் தெரிஞ்சிருந்தால் எங்களை அதிலை இருக்க விட்டிருப்பியளோ அம்மா என்று கேட்டாள். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன், மகன். வேறொன்றும் செய்யவில்லை.

நாளைக்கு அவர்களுடைய பெரியவர் வருவார், பொலிசும் வரலாம். அப்பாவைப் போனில் ஏசாதே, அவர் இன்னும் ஒரு பிடி சோறு தொடவில்லை. ஆடி லீவுக்குக் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு வருகிற யோசனையை இப்போதைக்கு விடு. உங்கள் நாலு பேரையும் வைரவர் காப்பாற்றுவார், நீ நல்லாயிரு ராசா. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. கடிதம் கிடைத்த அன்றைக்கே எனக்குப் போன் எடு, லவீனாவிடம் சொல்லிவிட்டாயா என்று கேள். நான் மழையைப் பற்றியோ வெங்காயத்தைப் பற்றியோ கதைக்கத் தொடங்கினால், விடாமல் திரும்பவும் கேள்.

இப்படிக்கு,
உன் அம்மா
குணலட்சுமி