பதின்மூன்றாம் ஆணியில் இரண்டு கம்பிகள்

அன்புள்ள என் இன்ஜினியர் அம்மாவுக்கு,

நானும் நம் மகளும் நலம். அவளுக்கு முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. உனக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்று ஒரே அடம். உறைக்குள் உருள்வது அதுதான், பயந்துவிடாதே.

உன் கடிதத்தைப் பட்டறையில் நாலு தடவை படித்தேன். அணையில் நீர்மட்டம் ஏற ஏற மின்னோட்டம் கூடும்போது, அதை எண்ணாகக் காட்டும் உன் பெட்டி பத்து, பதினொன்று என்று ஒழுங்காகக் காட்டிவிட்டு, பன்னிரண்டை விட்டுப் பதின்மூன்றுக்குத் தாவுகிறதாம். காந்த வளையங்களை நம்பி மின்னோட்டத்தை எண்ணாக மாற்ற முடியாது, திங்கட்கிழமை கழற்றிவிடலாம் என்கிறாராம் உன் மேலதிகாரி. நீயும் மூட்டை கட்டுகிறாயாம்.

உன் கணக்கில் தப்பில்லை. தப்பு என்னுடையது. நான் சுற்றித் தந்த பதினாறு வளையங்களும் ஒரே மாதிரி, கம்பிச் சுற்றுகள்தான் வேறு. சுற்று அதிகமுள்ள வளையம் கொஞ்சம் மின்னோட்டத்துக்கே காந்தத் திசை மாறிப் புரளும். குறைவானது லேசில் மசியாது. எத்தனை புரண்டனவோ அதுதான் எண். சாப்பாட்டு மேசையில் என் சட்டைப் பொத்தான்களை அடுக்கி நீ சொல்லிக்கொடுத்ததுதான்.

கம்பிகளை முன்பே அளந்து வெட்டி, வளையத்துக்கு ஓர் ஆணி என்று வரிசையாக மாட்டிவைப்பேன். அறுந்தால் ஆகுமே என்று ஆணிக்கு இரண்டு. புதன்கிழமை பார்த்தால் மற்ற எல்லா ஆணியிலும் ஒன்று மிச்சம். பன்னிரண்டாம் ஆணி மட்டும் காலி, பதின்மூன்றில் இரண்டும் அப்படியே. இரண்டு வளையத்துக்கும் ஒரே அளவு சுற்றிவிட்டேன், அதனால் சேர்ந்தே புரள்கின்றன. சுற்றும்போது நடுவில் மகள் வந்து, அம்மா எப்போது வருவாள் என்று கேட்டாள். பதில் சொல்லிவிட்டுத் திரும்பியவன் பழைய ஆணியிலேயே கை வைத்திருக்கிறேன்.

இன்று வெள்ளி. இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. பெட்டியைக் கழற்றினால் நீ வீட்டுக்கு வருவாய், ஓடினால் இன்னும் ஆறு மாதம் அங்கேதான். அவ்வளவுதான் காரணம், வெட்கமாக இருக்கிறது. அம்மா வருகிறாள் என்று மகளிடமும் சொல்லித் தொலைத்தேன். நேற்று அவள் தெரு முழுக்க, எங்கம்மா செய்த பெட்டி ஓடவில்லையாம், அதனால் வந்துவிடுவாள் என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். இரவே பதின்மூன்றாம் ஆணிக் கம்பியை எடுத்துச் சுற்ற உட்கார்ந்தேன்.

சரியாகச் சுற்றிய வளையத்தை இந்தக் கடிதத்தோடு அணைக்கு வரும் லாரி டிரைவரிடம் கொடுக்கிறேன். ஞாயிறு மாலைக்குள் கிடைத்துவிடும். உடனே மாற்று. மேலதிகாரியிடம் என் பெயரையே சொல், திட்டு எனக்குப் புதிதல்ல. மகளை நான் சமாளித்துக்கொள்கிறேன்.

நீ இல்லாமல் வீடு வீடாகவே இல்லை. ஆனாலும் திங்கட்கிழமை வந்துவிடாதே, செல்லம்.

என்றும் உன்னவன்