எட்டாவது ரங்கா

அடுத்த வீட்டுப் பிள்ளைகள் மொட்டை மாடியில் தீபாவளி ராக்கெட் விட்டார்கள். கந்தகப் புகை ஜன்னல் வழியாக வந்ததும் எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. கிழவன் பட்டாசுக்கு நடுங்குகிறான் என்று நீ இருந்தால் சிரிப்பாய். சிரி. நீ செய்து வைத்த வேலைதான் இது.

அறுபதுகளில் நாம் திருச்சியில் பி.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தோம். பேப்பரில் ராக்கெட் செய்தி வந்ததிலிருந்து உனக்குக் கால் தரையில் பாவவில்லை. வாணக்காரரிடம் சொல்லி, அட்டைக் குழாயில் மருந்து கெட்டித்து வாங்கி வந்துவிட்டாய். மருந்து நொடிப்பொழுதில் எரிந்து தீர்ந்துவிடும். அப்புறம் ராக்கெட் தன் வேகத்திலேயே ஏறும். உள்ளே திரி மட்டும் மெதுவாகப் புகைந்துகொண்டிருக்கும். உச்சியில் ராக்கெட் தயங்கி நிற்கும்போது திரி ஒரு சின்ன வெடியைத் தொட்டு, அதை மெதுவாக இறக்கும் துணிக் குடையை வெளியே தள்ள வேண்டும். முந்தினால் குடை கிழியும். பிந்தினால் மூக்கு மண்ணில் குத்தும். நம்மிடம் நல்ல கடிகாரம் ஏது? ஸ்ரீரங்கத்துப் பிள்ளை நீ, 'ரங்கா, ரங்கா' என்று சொல்லியே திரியை அளந்தாய். உங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு திரியை வெடியோடு கட்டிக் கொளுத்திப் பார்த்தபோது எட்டாவது ரங்காவில் வெடித்தது. பெருமாளையே வாட்ச் ஆக்கிவிட்டாயே என்று கேலி செய்தேன்.

கொள்ளிடத்து மணலில் ராக்கெட்டை விட்டபோது காற்று அதைச் சாய்த்துவிட்டது. சீறிக் கிளம்பியது பனை உயரம்கூடப் போகாமல் திரும்பி, நம் முன்னாலேயே மணலில் செருகிக்கொண்டது. நீ எண்ணிக்கொண்டே இருந்தாய். எட்டு முடிந்தது. சத்தமில்லை.

"அணைஞ்சுடுத்துடா, காதர்" என்று அதை நோக்கி நடந்தாய்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கொல்லையில் நிதானமாக வந்த ரங்கா இங்கே ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஓடியிருந்தது. நீயும் பயந்திருந்தாய், அது உனக்கே தெரியவில்லை. ஓடிவந்து உன் சட்டையைப் பிடித்தேன். குடையாவது மிஞ்சட்டும் என்று திமிறினாய்.

"போகாதே. நீ வேகமா எண்ணிட்டே."

பதில் சொல்ல வாயெடுத்தாய், வெடித்தது. அதன் மூக்குக் கட்டை உன் காதோரம் பறந்து போனது. எடுக்கக் குனிந்திருந்தால் உன் கண் போயிருக்கும். இருவரும் மணலிலேயே உட்கார்ந்துவிட்டோம்.

அப்புறம் வேலை, கல்யாணம், பேரப்பிள்ளைகள் எல்லாம் பார்த்தாய். ஆனாலும் உன் வீட்டிலிருந்து தந்தி வந்தாலும் போன் வந்தாலும் உனக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே நினைப்பேன். போன மாதம் உன் மகள்தான் கூப்பிட்டாள். "அப்பா தூக்கத்துலயே போய்ட்டார், மாமா" என்றாள். அழுகைக்கு முன்னால் வந்தது நிம்மதிதான், அதை யாரிடம் சொல்வேன்? வயதாகி, படுக்கையில், அலுங்காமல் போயிருக்கிறாய். இனி உனக்கு ஒன்றும் ஆகாது.

பயம் மட்டும் போகவில்லையடா. பிடித்து இழுக்க ஆளில்லாமல், அன்று உன் சட்டையைப் பற்றிய இந்தக் கையிலேயே இருக்கிறது.